பைபரில் விரிசல் விழுந்தால் பாரம் எங்கே போகிறது?

கடற்கரைப் பக்கம் பைபர் படகு வைத்திருப்பவர்களிடம் விரிசலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். "மேல கோட்டிங்தான் வெடிச்சிருக்கு, ஒண்ணும் ஆகாது" என்பார் ஒருவர். "பைபர்ல கோடு விழுந்துட்டா அவ்வளவுதான், கண்ணாடி மாதிரி ஒருநாள் பொசுக்குன்னு போயிரும்" என்பார் அடுத்தவர். 2023 ஜூனில், டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போன கார்பன் பைபர் உடல் கொண்ட டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கியபோது இதே பேச்சு பெரிய அளவில் நடந்தது. கார்பன் பைபரே நம்ப முடியாத சரக்கு என்று ஒரு கூட்டம் எழுதியது. ஏர்பஸ் ஏ350 விமானத்தின் எடையில் பாதிக்கு மேல் அந்தச் சரக்குதானே, அது பறக்கவில்லையா என்று இன்னொரு கூட்டம் மடக்கியது.

இரண்டு தரப்புக்கும் பின்னால் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: இரும்பிலும் கண்ணாடியிலும் விரிசல் எப்படியோ, பைபரிலும் அப்படித்தான் என்பது. உண்மையில் இந்த வகைப் பொருளில் விரிசலுக்கும் பாரத்துக்கும் உள்ள உறவே வேறு. ஆயிரம் விரிசல் விழுந்தும் அசராமல் வேலை செய்யும் பைபர் தகடு உண்டு. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே பலத்தில் பெரும்பங்கை இழந்துவிட்ட தகடும் உண்டு. ஏன் என்பதைக் கணக்கு அதிகமில்லாமல் பார்க்கலாம்.

தகைவு: பாரமும் பரப்பும்

ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் அந்தப் பாரம் கம்பியின் குறுக்குவெட்டு முழுக்கப் பரவுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு பாரம் என்பதைத்தான் தகைவு என்கிறோம். குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர் உள்ள கம்பியில் 10 கிலோ தொங்கினால் தகைவு ஏறக்குறைய 100 மெகா பாஸ்கல். பாரத்தில் கம்பி கொஞ்சம் நீளும். ஒரு மீட்டர் கம்பி 1 மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.1 சதவீதம். தகைவு, திரிபு என்ற இந்த இரண்டு சொல்லும் பள்ளிக்கூட இயற்பியலில் வந்தவைதான். இவை போதும்.

வெட்டு நுனியில் என்ன நடக்கிறது

ஜவுளிக்கடையில் மீட்டர் துணி எடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வைப்பார். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்தால், துணி சர்ரென்று நேர்கோட்டில் கிழிந்துகொண்டே போகும். அந்த வெட்டு இல்லாமல் அதே துணியை இழுத்துக் கிழிக்கச் சொன்னால் பயில்வானே திணறுவார். காரணம் எளிது. வெட்டு இல்லாதபோது ஆயிரக்கணக்கான நூல்கள் இழுவையைப் பகிர்ந்துகொள்கின்றன. வெட்டு விழுந்த பிறகு, அந்த இடத்தில் அறுந்துபோன நூல்கள் சுமக்க வேண்டியதெல்லாம் வெட்டின் நுனியில் நிற்கும் ஓரிரு நூல்களின் தலையில் விழுகிறது. அவை அறுந்தால் அடுத்தவை. எந்த நேரத்திலும் நீங்கள் சண்டை போடுவது ஓரிரு நூல்களோடு மட்டும்தான்.

கெட்டியான பொருளிலும் இதுவேதான் நடக்கிறது. விரிசல் இருக்கும் இடத்தின் வழியே விசை போக முடியாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், எல்லாம் நுனியில் வந்து நெருக்குகிறது. இதற்குத் தகைவுக் குவிப்பு என்று பெயர். கேம்பிரிட்ஜ் பொறியாளர் சார்லஸ் இங்க்லிஸ் 1913-ல் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். தகட்டின் நடுவே வட்டமான துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு 3 மடங்கு. துளை நீளமாகவும் அதன் நுனி கூர்மையாகவும் ஆக ஆக மடங்கு எகிறும். ஓரத்தில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு, அதன் நுனி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆரம் கொண்டது என்றால், அவருடைய சூத்திரப்படி நுனியில் தகைவு சுமார் 21 மடங்கு. கண்ணாடியை வைரமுனையால் லேசாகக் கீறிவிட்டுத் தட்டினால் கீறிய கோட்டிலேயே உடைவது இதனால்தான்.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆலன் கிரிஃபித் 1921-ல் வெளியிட்ட ஆய்வுதான் நம் கதைக்கு வாசல். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து ஒவ்வொன்றின் பலத்தையும் சோதித்தார். இழை மெலிய மெலிய, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அது தாங்கும் பாரம் கூடிக்கொண்டே போனது. மெல்லிய இழையில் பெரிய கீறல் இருக்க இடமே இல்லை என்பதுதான் காரணம். ஜன்னல் கண்ணாடி சில பத்து மெகா பாஸ்கலிலேயே உடையும். இன்று படகுக்கும் காற்றாலை இறக்கைக்கும் போகும் கண்ணாடி இழை, புதிதாக இருக்கும்போது 3,000 மெகா பாஸ்கலுக்கு மேல் தாங்கும். இரண்டும் கண்ணாடி வகைதான்.

இதுவரை பார்த்தது: விரிசலின் நுனியில் தகைவு குவியும், நுனி கூராக இருந்தால் மேலும் குவியும். இழையாக இழுத்துவிட்டால் பெரிய விரிசலுக்கு இடமில்லாததால் அதே பொருள் பல மடங்கு பலமாகிறது.

இழையும் ரெசினும்

இழை பலமானது, சரி. ஆனால் தனி இழை தலைமுடியைவிட மெல்லிசு. கண்ணாடி இழை 10 முதல் 20 மைக்ரோமீட்டர், கார்பன் இழை 5 முதல் 7 மைக்ரோமீட்டர். (ஆயிரம் மைக்ரோமீட்டர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.) அதை வைத்துப் படகு செய்ய முடியாது. ஆகவே லட்சக்கணக்கான இழைகளைச் சேர்த்து, பாலியஸ்டரோ எப்பாக்சியோ ஊற்றி இறுக விடுகிறார்கள். அந்தத் திரவப் பிளாஸ்டிக்தான் ரெசின். இழையும் ரெசினும் சேர்ந்த இந்தப் பொருளை இழைக் கூட்டுப்பொருள் என்பார்கள். நம் வழக்கில் வெறும் பைபர்.

இரண்டும் பாரத்தைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒரே அளவு நீளுகின்றன. ஆனால் அதே நீட்டத்துக்குக் கண்ணாடி இழை ரெசினைவிடச் சுமார் 24 மடங்கு எதிர்ப்புக் காட்டும். இழையின் யங் குணகம் (நீளாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு) 72 ஜிகா பாஸ்கல், ரெசினுடையது 3 என்று வைத்து வகுத்தால் வரும் எண் இது. பாதி இழை, பாதி ரெசின் உள்ள பட்டையை இழை ஓடும் திசையில் இழுத்தால் பாரத்தில் 96 சதவீதம் இழைக்குப் போகிறது. ரெசினுக்கு மிச்சம் 4 சதவீதம்தான்.

அப்படியானால் ரெசின் எதற்கு? இழைகளை அதனதன் இடத்தில் பிடித்து வைப்பது ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை, ஓர் இழையிலிருந்து பக்கத்து இழைக்குப் பாரத்தைக் கடத்துவது. இதை அது சறுக்குத் தகைவின் மூலம் செய்கிறது. ஒரு பரப்பைப் பக்கவாட்டில் வழுக்கித் தள்ளப் பார்க்கும் விசையை அந்தப் பரப்பின் அளவால் வகுத்தால் கிடைப்பது சறுக்குத் தகைவு. இனி வரும் எல்லாவற்றிலும் இது தலைகாட்டும்.

ஒரே அளவு விரிசல், திசை வேறு

இழுவைத் திசையில் இழை ஓடும் ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். சராசரித் தகைவு 300 மெகா பாஸ்கல். மேலே சொன்ன கணக்குப்படி இழையில் 576 மெகா பாஸ்கல் இருக்கும். இப்போது ரெசினில் மட்டும் குறுக்காக ஒரு விரிசல் விழுகிறது, இழை எதுவும் அறவில்லை. அந்த வெட்டுமுகத்தில் ரெசின் தன் 4 சதவீதத்தைக் கைவிட்டுவிட்டது. அதையும் இழையே எடுக்க வேண்டும். இழையின் தகைவு 576-லிருந்து 600-க்கு ஏறுகிறது, அவ்வளவே. கண்ணால் பார்த்தால் குறுக்கே ஒரு கோடு, பயமாகத்தான் இருக்கும். இழைக்கோ சுமை 4 சதவீதம்தான் கூடியிருக்கிறது. விரிசலின் இரு கரையையும் இழைகள் பாலம் போலப் பிடித்துக்கொண்டிருப்பதால், அது வாயைத் திறக்கவும் முடியாது.

இனி திசையைத் திருப்புங்கள். தகடு பல அடுக்குகளாகக் கட்டியது, அதில் ஓர் அடுக்கில் இழைகள் இழுவைக்குக் குறுக்காகக் கிடக்கின்றன. இப்போது விரிசல் இழைகளுக்கு இணையாக, அவற்றின் நடுவே நுழைந்து ஓடலாம். தடுக்க ஆளில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. குறுக்காகக் கிடக்கும் கண்ணாடி இழை கிட்டத்தட்ட நீளுவதே இல்லை. ஆக மொத்த நீட்டத்தையும் இழைகளுக்கு இடையில் உள்ள மெல்லிய ரெசின்தான் ஈடு செய்ய வேண்டும். அடுக்கு மொத்தமாக 0.5 சதவீதம் நீளும்போது, அந்த இடுக்கு ரெசின் அதைப் போலப் பல மடங்கு நீளுகிறது. அதனால்தான் தனியாக வார்த்த ரெசின் தாங்கும் நீட்டத்தில் ஒரு சிறு பங்கைத்தான் குறுக்கு அடுக்கு தாங்குகிறது. கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த தகட்டில் குறுக்கு அடுக்குகள் 0.3 முதல் 0.5 சதவீதத் திரிபிலேயே வெடிக்கத் தொடங்கும். மொத்தத் தகடு அறுவது ஏறக்குறைய 2 சதவீதத்தில். நடுவில் உள்ள அவ்வளவு தூரத்தையும் அது விரிசல்களோடுதான் கடக்கிறது.

உண்மையான தகடுகளில் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் அடுக்குகள் இருக்கும், கலந்து கட்டியிருப்பார்கள். அங்கே குறுக்கு அடுக்கில் நடப்பது பார்க்க அழகானது. முதல் விரிசல் விழுந்ததும் அதன் இரு முகத்திலும் அந்த அடுக்கின் தகைவு பூஜ்யம். அங்கே அதன் பங்கைப் பக்கத்து அடுக்குகள் வாங்கிக்கொள்கின்றன. விரிசலிலிருந்து தள்ளிப் போகப் போக, பக்கத்து அடுக்குகள் ரெசின் வழியே சறுக்குத் தகைவால் பாரத்தைத் திரும்பக் கொடுக்கின்றன. அடுக்கின் தடிமனைப் போல ஒன்றிரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால், விரிசலே இல்லாதது போலப் பழைய தகைவு திரும்பிவிடும். அந்த இடத்தில் இன்னொரு விரிசல் விழும். அப்புறம் அவற்றின் நடுவே இன்னொன்று. பாரம் ஏற ஏறக் கோடுகள் நெருங்கும். கடைசியில் அடுத்தடுத்த இரண்டு விரிசலுக்கு நடுவே தகைவு திரும்பி ஏறத் தூரம் போதாமல் போகும். அதோடு புதிய விரிசல் நின்றுவிடும்.

கண்ணாடி பைபர் தகட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் இது தெரியும். கிட்டத்தட்டச் சம இடைவெளியில், சீப்புப் பல் வரிசையாக மெல்லிய கோடுகள். அறியாதவர் தகடு முடிந்துவிட்டது என்பார். அது கொஞ்சம் விறைப்பை இழந்திருக்கும், தண்ணீர் கசிய வழி திறந்திருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் இது பெரிய பிரச்சினைதான். ஆனால் இழுவையைத் தாங்கும் பலத்தில் பெரும்பங்கு அப்படியே இருக்கும், ஏனென்றால் பாரம் சுமக்கும் நேர் அடுக்குகளில் இழை அறவில்லை.

சுருக்கமாக: இழைக்குக் குறுக்கே ரெசினில் விழுந்த விரிசலை இழைகளே கட்டிப் போடுகின்றன. இழைக்கு இணையான விரிசல் எளிதாக ஓடும், ஆனால் பக்கத்து அடுக்கு வேறு திசையில் இருந்தால் அங்கே முட்டி நிற்கும்.

இழையே அறுந்தால்

லட்சம் இழையில் ஒன்றிரண்டு பலவீனமாக இருக்கத்தான் செய்யும். ரெசின் இல்லாத வெறும் இழைக் கட்டில் ஓர் இழை அறுந்தால், அது நுனி முதல் நுனி வரை சும்மா. ரெசினில் புதைந்த இழை அப்படி இல்லை. அறுந்த முனையில் தகைவு பூஜ்யம்தான், ஆனால் முனையிலிருந்து உள்ளே போகப் போக, சுற்றியிருக்கும் ரெசின் அதைப் பிடித்து இழுத்துப் பாரத்தை மீண்டும் ஏற்றிவிடும். 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இழை, அதில் 1,000 மெகா பாஸ்கல் தகைவு, ஒட்டுப் பரப்பு தாங்கும் சறுக்குத் தகைவு 30 மெகா பாஸ்கல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முழுப் பாரமும் திரும்ப ஏறத் தேவையான தூரம் 0.125 மில்லிமீட்டர். அறுந்த இடத்துக்கு இரு பக்கமும் சேர்த்தாலே கால் மில்லிமீட்டர்தான் சும்மா கிடக்கிறது. ஒரு மீட்டர் இழையில் அதற்கு வெளியே உள்ள பகுதி, தான் அறுந்ததே தெரியாமல் வேலை செய்யும்.

அந்தக் கால் மில்லிமீட்டரில் பாரத்தை யார் எடுக்கிறார்கள்? பக்கத்து இழைகள். இதை ஜான் ஹெட்ஜ்பெத் 1961-ல் நாசாவுக்காகக் கணக்கிட்டார். ஒரே வரிசையில் அடுக்கிய இழைகளில் ஒன்று அறுந்தால், அடுத்த இழையில் தகைவு 1.33 மடங்கு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறுந்தால் 1.6. மூன்று அறுந்தால் 1.83. வெட்டு நுனியில் பார்த்த 21 மடங்கோடு இதை ஒப்பிடுங்கள். ஒன்று அறுந்தால் அடுத்தது உடனே அறுவதில்லை, அறுந்தவை அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஆபத்து எங்கே என்றால், ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக அறுந்தவை கூட்டம் சேரும்போது. மடங்கு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் சங்கிலியாக எல்லாம் போகும். பைபர் சத்தமில்லாமல் இருந்து திடீரென்று உடைகிறது என்ற பேச்சில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் சத்தமில்லாமல் என்பது சரியில்லை. அறுந்துகொண்டிருக்கும் பைபர் நன்றாகவே சடசடக்கும்.

ஒட்டு பலமாக இருந்தால் நல்லதுதானே?

பலரும் சறுக்குவது இங்கேதான். இழையும் ரெசினும் எவ்வளவு இறுக ஒட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். கடையில் துணி கிழிப்பதையே மறுபடி பார்ப்போம். ரெக்சின் போல மேலே பூச்சு ஏற்றிய துணி, ஒரு வெட்டு வைத்தால் சுலபமாகக் கிழியும். அதே நூலில் தளர்வாக நெய்த பூச்சில்லாத துணி அவ்வளவு சுலபத்தில் கிழியாது. வெட்டின் நுனியில் நூல்கள் நழுவி, ஒன்றோடொன்று கூடி, ஒரு சின்ன முக்கோணத்துக்குள் கொத்தாகச் சேர்ந்து எதிர்க்கும். பூச்சு போட்ட துணியில் நூல் நழுவ முடியாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று அடி வாங்கி அறும்.

பைபரின் உள்ளே நடப்பதும் இதற்கு ரொம்பப் பக்கம். ரெசினில் ஓடி வரும் விரிசல் ஓர் இழையை நெருங்குகிறது. அதன் நுனியில் விரிசலைத் திறக்கப் பார்க்கும் பெரிய தகைவு ஒன்று இருக்கிறது, அது தெரிந்ததே. ஜான் குக், ஜேம்ஸ் கார்டன் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1964-ல் இன்னொன்றைக் கவனித்தார்கள். நுனிக்குச் சற்று முன்னால், விரிசல் ஓடும் அதே திசையில் இழுக்கும் சிறிய தகைவு ஒன்றும் இருக்கிறது. பெரியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவு. இழைக்கும் ரெசினுக்கும் இடையே உள்ள ஒட்டு இந்த ஐந்தில் ஒரு பங்கைத் தாங்காத அளவுக்கு மென்மையாக இருந்தால், விரிசல் வந்து சேரும் முன்பே ஒட்டு விட்டுவிடும். இழையை ஒட்டி நெடுக்காக ஒரு சிறு இடைவெளி திறக்கும். ஓடி வந்த விரிசல் அதில் விழுந்து நின்றுபோகும். கூர் நுனி மழுங்கியதும் குவிப்பும் போயிற்று, இழை பிழைத்தது.

ஒட்டு மிக பலமாக இருந்தால் இது நடக்காது. விரிசல் இழையையும் ரெசினையும் ஒரே பொருளாக நினைத்து நேரே அறுத்துக்கொண்டு போகும். அப்போது பைபர் உண்மையிலேயே கண்ணாடி போல உடையும், உடைந்த முகமும் வழவழவென்று இருக்கும். ஒட்டு அளவாக இருந்த பைபரின் உடைந்த முகத்தைப் பாருங்கள், துடைப்பக்கட்டைபோல் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒவ்வொரு இழையும் ரெசினிலிருந்து உராய்ந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த உராய்வில் செலவான ஆற்றல்தான் விரிசலைத் தடுத்தது. அதற்காக ஒட்டைக் கண்டபடி குறைத்தாலும் வம்பு. பாரமே கடத்தப்படாது, குறுக்கு அடுக்கு தொட்டாலே பிரியும். தொழிற்சாலையில் இழை உருவாகும்போதே அதன் மேல் பூசும் மெல்லிய ரசாயனப் பூச்சு, இந்த இரண்டுக்கும் நடுவே ஒட்டை நிறுத்துவதற்குத்தான். இந்தத் தொழிலின் பாதி சூட்சுமம் அந்தப் பூச்சில் இருக்கிறது என்பது என் கருத்து.

இதே விஷயத்தைத் துளையிலும் பார்க்கலாம். எல்லா இழையும் ஒரே திசையில் ஓடும் கார்பன் தகட்டில் வட்டத் துளை போட்டால், கணக்குப்படி விளிம்பில் தகைவு சுமார் 7 மடங்கு வரும். இரும்பில் 3 மடங்குதான். காகிதத்தில் பைபர் தோற்றுவிட்டது. ஆனால் இழுத்துப் பார்த்தால், துளையின் இரு ஓரத்திலும் இழை நெடுக ரெசின் பிளந்து கொடுக்கிறது. அந்தப் பிளவு, துளையால் அறுந்த இழைகளை மற்ற இழைகளிலிருந்து பிரித்துவிடுகிறது. குவிப்பு தளர்ந்துவிடுகிறது. அங்கே ஒரு விரிசல் இன்னொரு ஆபத்தைத் தீர்த்து வைத்திருக்கிறது.

அடுக்கு பிரிவது: சத்தமில்லாத எதிரி

அடுக்குகளுக்கு நடுவே இழை எதுவும் குறுக்கே போவதில்லை. இருப்பது ரெசின் மட்டும். அங்கே ஓடும் விரிசலைத் தடுக்கப் பாலமில்லை. அடுக்குகள் இப்படி ஒன்றிலிருந்து ஒன்று விட்டுப்போவதை அடுக்குப் பிரிவு என்பார்கள். அடி விழுந்த இடத்திலும், ஓரங்களிலும், குறுக்கு அடுக்கின் விரிசல் பக்கத்து அடுக்கில் வந்து முட்டிய இடத்திலும் இது தொடங்கும். ஸ்பேனர் கை தவறி விழுந்தால்கூடப் போதும். மேலே லேசான பள்ளம், சில சமயம் அதுவும் இருக்காது. உள்ளே அதைவிட அகலமாகப் பிரிந்திருக்கும்.

இழுக்கும்போது இது பெரிய தொல்லை தராது, பிரிந்த அடுக்குகளும் தத்தம் பாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அமுக்கும்போதுதான் குணம் மாறும். ஒரு தகடு வளையாமல் எதிர்ப்பது அதன் தடிமனை மூன்று முறை பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் எதிர்ப்பு எட்டில் ஒன்று. ஆகவே நடுவில் பிரிந்த தகடு இரண்டு பாதியாக, தலா எட்டில் ஒன்று, சேர்த்து நான்கில் ஒரு பங்கு எதிர்ப்போடு நிற்கிறது. ஓர் இழைகூட அறவில்லை, எடையும் குறையவில்லை, முக்கால்வாசி விறைப்பு போய்விட்டது. அமுக்கினால் பிரிந்த அடுக்கு புடைத்து வெளியே வளையும். வளைய வளையப் பிரிவின் நுனி இன்னும் கிழியும்.

டைட்டன் போனதும் இந்த வழியில்தான். அதன் உருளை, 5 அங்குலத் தடிமனில் கார்பன் இழையால் ஆனது. ஒவ்வொன்றும் சுமார் ஓர் அங்குலம் உள்ள ஐந்து அடுக்குகளாகச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டினார்கள். டைட்டானிக் கிடக்கும் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் எல்லாப் பக்கமும் அமுக்கும், கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தைப் போல 380 மடங்கு. முழுக்க முழுக்க அமுக்கு விசை. விமான உடல் உள்ளே காற்றடைத்த பை என்பதால் அங்கே பெரும்பாலும் இழுவை. எனவே ஏ350-ஐ இதோடு ஒப்பிட்டுப் பேசியதில் அர்த்தமில்லை. 2022 ஜூலையில் ஒரு பயணத்தில் மேலே வரும்போது பெரிய சத்தம் கேட்டதும், அதன் பின் உருளையின் திரிபு அளவீடுகள் மாறியிருந்ததும் அமெரிக்க விசாரணையில் வெளிவந்தன. உற்பத்தியிலேயே சுருக்கங்களும் வெற்றிடங்களும் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. பிரிந்த அடுக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளாது என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தச் சத்தத்துக்குப் பிறகு அதில் ஆளை ஏற்றியது புரியாத விஷயம்.

கண்ணில் படும் கோடு

இனி படகுக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் மரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்தது கண்ணாடி பைபர். வெளியே பளபளக்கும் நிறப்பூச்சு ஜெல்கோட், அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதில் இழை கிடையாது. இழை இல்லாத ரெசின் என்றால் விரிசலை நிறுத்த ஆளில்லை, மயிரிழைக் கோடுகள் சுலபமாக விழும். ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலக் கிளம்பினால் அங்கே அடி பட்டிருக்கிறது. இணைகோடுகளாக வரிசையாக இருந்தால் அந்த இடம் அலையில் மடங்கி மடங்கி எழுகிறது. இரண்டாவது வகையைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன். ஜெல்கோட்டைச் சரிசெய்தாலும் மடங்குவது நிற்காது.

உள்பக்கம் பெயின்ட் அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல கண்ணாடி பைபர் லேசாக ஒளி புகும் பச்சையோ தேன் நிறமோ கொண்டிருக்கும். விரிசலும் பிரிவும் விழுந்த இடத்தில் ஒளி சிதறி வெளுத்துத் தெரியும். அந்த வெள்ளைத் திட்டின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கணீரென ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் மந்தமாக விழும். பிரிந்த மேல் அடுக்கு தனியாக அதிர்வதால் வரும் வித்தியாசம் இது. விமானப் பராமரிப்பிலும் இதே தட்டுச் சோதனையைச் செய்கிறார்கள், கையில் கொஞ்சம் நல்ல சுத்தியல் இருக்கும், அவ்வளவுதான்.

முப்பந்தலில் சுற்றும் காற்றாலை இறக்கைகளும் இதே கண்ணாடி பைபர்தான். நிமிடத்துக்கு 15 சுற்று, இடைவிடாமல் 20 வருடம் என்றால் ஏறக்குறைய 16 கோடி சுற்று. காற்றில்லாத நாளைக் கழித்தாலும் கோடிக்கணக்கில் வரும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை தன் எடையாலேயே ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் வளைகிறது. இரும்பு என்றால் ஒரு விரிசல் தொடங்கி அது மட்டும் வளர்ந்துகொண்டே போகும், அதை அளந்து எஞ்சிய ஆயுளைச் சொல்லலாம். பைபரில் சேதம் சின்னச் சின்னதாகப் பல இடத்தில் பரவும், விறைப்பு மெல்ல இறங்கும். ஆகவே தனி ஒரு விரிசலின் நீளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எந்த அடுக்கு, எந்தத் திசை, அங்கே இழுவையா அமுக்கா என்று பார்க்க வேண்டும்.

பட்டி போட்டு அடைத்தால்?

விரிசலில் பட்டியோ வெறும் ரெசினோ நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் கோடு மறையும். தண்ணீர் உள்ளே போவதும் குறையும். ஜெல்கோட் விரிசலுக்கு அது போதும். இழை அறுந்த இடத்தில் அது பாரம் எடுக்காது. பட்டியின் விறைப்பு ரெசினை ஒட்டியது, இழையின் பாரம் அதன் வழியே போகாமல் பழையபடி சுற்றிக்கொண்டுதான் போகும். நுனியில் குவிப்பு அப்படியே இருக்கும்.

இரும்பு வேலையில் விரிசல் நுனியில் துளை போட்டு நிறுத்தும் பழக்கம் உண்டு, கூர் நுனி வட்டமாகிவிடும். அதைப் பைபரில் செய்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு அடுக்கிலும் நுனி வெவ்வேறு இடத்தில் இருக்கும், துளை போட்டால் நல்ல இழையைக் கூடுதலாக அறுத்ததுதான் மிச்சம்.

ஒழுங்கான வேலை வேறு மாதிரி. சேதமான பகுதியைச் சுற்றித் தகட்டைச் சரிவாகத் தேய்த்து எடுப்பார்கள். படகு வேலையில் வழக்கமான அளவு 1-க்கு 12, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சரிவு 72 மில்லிமீட்டர் நீளம். அந்தச் சரிவின் மேல் புதிய மேட், ரோவிங் (இரண்டும் கண்ணாடி இழை விரிப்புகள்) அடுக்குகளை ரெசினோடு சிறிதிலிருந்து பெரிதாக ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஏன் இவ்வளவு நீளம்? அறுந்த இழையிலிருந்து புதிய இழைக்குப் பாரம் போக ஒரே வழி சறுக்குத் தகைவு, அதற்குப் பரப்பு வேண்டும். தகட்டில் 60 மெகா பாஸ்கல் தகைவு என்றால் 6 மில்லிமீட்டர் தடிமனில், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு 360 நியூட்டன் கடத்தப்பட வேண்டும். அதை 72 மில்லிமீட்டரில் பரப்பினால் ஒட்டின் மேல் 5 மெகா பாஸ்கல்தான் வரும், ஒட்டு தாங்கிவிடும். சரிவை 12 மில்லிமீட்டரில் முடித்துக்கொண்டால் அதே ஒட்டு 30 மெகா பாஸ்கலைத் தாங்க வேண்டியிருக்கும், பழைய தகட்டின் மேல் புதிதாக ஏற்றிய ஒட்டு அவ்வளவு தாங்காது. வேலைக்காரர் ஒரு சாண் அகலத்துக்கு நல்ல பைபரையும் சேர்த்துத் தேய்த்து எடுக்கும்போது படகுக்காரருக்கு வயிறு எரியும். ஆனால் அந்த நீளத்தில் பேரம் பேசக் கூடாது. பேசுவதென்றால் புதிய அடுக்குகளின் இழைத் திசையைப் பற்றிப் பேசுங்கள். பழைய அடுக்கில் இழை எந்தப் பக்கம் ஓடியதோ அதே பக்கம் புதியதும் ஓட வேண்டும். இல்லையென்றால் தடிமன் மட்டும்தான் பழையபடி இருக்கும்.